பூனையை அனுப்பிவிட்டால் நோய் போய்விடாது

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஒரு வீட்டுப் பூனைக்கு வாந்தியும் பேதியும் கண்டு, கால்நடை மருத்துவர் வாயிலிருந்து ‘வைரஸ்’ என்ற சொல் வந்துவிட்டால் போதும். அடுத்த நாளே அந்த வீட்டுக்கு அறிவுரை வரத் தொடங்கும். மாமியார் சொல்வார், எதிர்வீட்டு ஆண்ட்டி சொல்வார், மின்தூக்கியில் கூட வருகிறவரும் சொல்வார்: “வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு, மருமக மாசமா இருக்கா. எதுக்கு வம்பு? எங்கயாவது கொண்டுபோய் விட்டுருங்க.” மனம் கேட்காமல் இரண்டு நாள் தள்ளிப்போடும் குடும்பமும் மூன்றாம் நாள் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நாலு புளோக் தள்ளிப் போய் இறக்கிவிடுகிறது. குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு திரும்பி வருகிறது.

இப்படிச் சொல்கிறவர்களுக்கு வீட்டார் மேல் உள்ள அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. 1999-இல் பன்றிகளிடமிருந்து நிப்பா கிருமி தொற்றி இங்கே அறுப்புக்கூட ஊழியர்கள் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அதன்பின் சார்ஸ், அதன்பின் கோவிட். விலங்கின் கிருமி மனிதரை எட்டும் என்பதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் அந்த அச்சத்தின் பெயரால் நோயுற்ற பூனையை வெளியேற்றுவது வீட்டில் உள்ள ஒருவரையும் காப்பதில்லை என்பதே என் வாதம். அதோடு நிற்கவும் இல்லை. வீட்டுக்குள் அடங்கியிருந்த ஒரு நோயை அந்தக் கூடை புளோக்கின் கீழ்த்தளத்துக்கு எடுத்துப் போகிறது.

முதலில் எந்த வைரஸ் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே முடிவெடுக்கிறோம் என்பதுதான் கோளாறின் வேர். வீட்டுப் பூனைகளை, அதிலும் குட்டிகளை, கொத்துக் கொத்தாகக் கொல்லும் வைரஸ் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைப் பேன்லுக்கோபீனியா என்பார்கள், பூனை வளர்ப்பவர்கள் ‘பூனைப் பார்வோ’ என்பார்கள். உடலில் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் பிடித்து அழிப்பது அதன் வேலை. அதனால்தான் குடலின் உட்சவ்வு உரிந்து பேதியாகிறது, எலும்பு மஜ்ஜை செயலிழந்து வெள்ளணுக்கள் அற்றுப்போகின்றன. தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்து, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். காலையில் விளையாடிய குட்டி மறுநாள் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும். பார்த்தவர்கள் பயப்படுவது இயல்பு. ஆனால் இந்த வைரஸ் மனிதருக்கு வருவதில்லை. கைக்குழந்தைக்கும் வராது, கர்ப்பிணிக்கும் வராது. எந்த வைரஸும் உயிரணுவின் மேல் தனக்கு ஏற்ற பிடிமானம் இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். பூனைக் குடும்பத்திலும் மிங்க், ரக்கூன் போன்ற சில விலங்குகளிலும் இருக்கும் பிடிமானத்துக்குப் பழகிய வைரஸ் இது. குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து காய்ச்சல் வருகிறதே, அந்தப் பார்வோ பி19 மனிதருக்கே உரிய வேறொரு கிருமி. அது பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது, பூனையிடமிருந்து அல்ல.

அடுத்து, ‘கேட் ஃப்ளூ’. கண்ணில் பீளை, ஓயாத தும்மல், வாயில் புண். இதற்குப் பெரும்பாலும் காரணம் பூனை ஹெர்பிஸ், பூனைக் காலிசி என்ற இரண்டு வைரஸ்கள். ஃப்ளூ என்று அழைத்தாலும் இதற்கும் நம் சளிக்காய்ச்சலுக்கும் தொடர்பு கிடையாது. ஹெர்பிஸ் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூனை ஹெர்பிஸ் பூனைக்கு மட்டும்தான். ஒருமுறை வந்தால் நரம்புமுடிச்சில் ஒளிந்துகொண்டு, வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ, மனக்கலக்கம் ஏற்படும் போதெல்லாம் தலைகாட்டும். ‘கொண்டுபோய் விடுவது’ அந்தப் பூனைக்குத் தரக்கூடிய பெரிய கலக்கம் என்பதால், விடப்பட்ட இடத்தில் அது மீண்டும் தும்மத் தொடங்கி மற்றப் பூனைகளுக்கு நோயைத் தரும்.

அதிகம் அஞ்சப்படுவது எஃப்ஐவி. கலிஃபோர்னியாவில் 1986-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸுக்குப் ‘பூனை எய்ட்ஸ்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது பூனைகளின் துரதிர்ஷ்டம். எச்ஐவிக்கு உறவுமுறையான கிருமிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆழமான பூனைக்கடியால் பூனைக்குப் பூனை பரவுவது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கால்நடை மருத்துவர்களும் காப்பக ஊழியர்களும் எஃப்ஐவி உள்ள பூனைகளிடம் கடிபட்டிருக்கிறார்கள். மனிதரில் இந்த நோய் ஏற்பட்டதாக ஒரு சான்றும் இல்லை. பூனை லுக்கீமியா வைரஸின் கதை இன்னும் பழையது. கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் 1964-இல் அதைக் கண்டறிந்தார். ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்களில் அதை வளர்க்க முடிந்ததால் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே கலங்கினார்கள், தேடிப் பார்த்தார்கள். மனிதரில் தொற்று கண்டறியப்படவில்லை. அந்தக் கலக்கம் மருத்துவ இதழ்களில் அடங்கிப் பல காலம் ஆகிறது, ஆனால் நம் வரவேற்பறைகளில் இன்னும் அடங்கவில்லை.

எஃப்ஐபி என்ற நோய்க்கு மூலம் பூனைக் கொரோனா வைரஸ். கொரோனா என்றதும் கோவிட் நினைவுக்கு வந்து நடுங்குகிறோம். கோவிட் வைரஸும் இதுவும் அந்தப் பெரிய குடும்பத்தின் வேறுவேறு கிளைகள். பூனைக் கொரோனா மனிதரைத் தொடுவதில்லை. பெரும்பாலான பூனைகளின் குடலில் அது சும்மா இருந்துவிட்டுப் போகும், சில பூனைகளின் உடலுக்குள் மட்டும் மாற்றம் அடைந்து கொடிய நோயாகும். அப்படி மாறிய வடிவம் பொதுவாக அடுத்த பூனைக்குக்கூடப் பரவுவதில்லை. 2023-இல் சைப்ரஸ் தீவில் பூனைகளிடையே பரவிய புதுவகை ஒரு விதிவிலக்கு, அங்கும் மனிதருக்கு எதுவும் நேரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை மரண தண்டனையாக இருந்த எஃப்ஐபிக்கு இன்று மருந்து இருக்கிறது. குணமாகக்கூடிய பூனையைத் தெருவில் விடுவதை என்னவென்று சொல்வது?

அச்சம் கொள்கையாக மாறினால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் 2003-இல் பார்த்தது. சார்ஸ் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்தது. ஹாங்காங் ஹோட்டல் ஒன்றில் தங்கித் திரும்பிய பயணிகளோடு வந்த தொற்று, டான் டோக் செங் மருத்துவமனையிலும் பிறகு சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலும் பரவியது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மனிதரிலிருந்து மனிதருக்கு. அதே ஆண்டு மே மாதம், சீனாவின் தென்பகுதிச் சந்தையில் விற்கப்பட்ட மரநாய்களிடம் சார்ஸ் போன்ற வைரஸ் இருப்பதாகச் செய்தி வந்தது. மரநாய் பூனை இனமே அல்ல. ஆனாலும் பழி நம் புளோக்குகளின் கீழே படுத்திருந்த பூனைகளின் மேல் விழுந்தது. 1998-இல் தொடங்கி நடந்துவந்த தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டம் அந்த ஆண்டு நிறுத்தப்பட்டது, கருத்தடை செய்து திரும்ப விட்ட பூனைகளைப் பராமரித்துவந்த தொண்டர்களின் உழைப்பு வீணானது, பூனைகள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. அரசு ஆதரவோடு கருத்தடைத் திட்டம் மீண்டும் தொடங்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூனைக்குச் சார்ஸ் வரவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதே ஆண்டின் இறுதியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பூனைகளுக்குள் அந்த வைரஸைச் செலுத்தினால் அவற்றுக்குத் தொற்றும் என்று காட்டினார்கள். ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சில வீட்டுப் பூனைகளுக்கும் தொற்றியிருந்தது. அந்தப் பூனைகளுக்கு அதைக் கொடுத்தவர்கள் அங்கே நோயுற்றிருந்த மனிதர்கள். அவற்றிடமிருந்து ஒரு மனிதருக்கு வந்ததாகச் சான்று இல்லை. 2020-இலும் இதேதான் நடந்தது. கோவிட் வந்த குடும்பங்களின் பூனைகளுக்குக் கோவிட் வந்தது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சந்திக்க வேண்டும். “ஒன்றுகூட வராது என்கிறீர்களா? வந்த கதைகள் இருக்கின்றனவே?” இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுப் பூனைக்காகப் பேசுவது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டில் தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்தில், கோவிட் நோயாளிகளின் பூனையிடம் மாதிரி எடுத்த கால்நடை மருத்துவரின் முகத்தில் அது தும்மியது. அவர் முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தார், கண்ணுக்குக் காப்பில்லை. அவருக்குத் தொற்றியது. 2016 இறுதியில் நியூயார்க் காப்பகம் ஒன்றில் ஏறத்தாழ 500 பூனைகளுக்கு எச்7என்2 என்ற பறவைக்காய்ச்சல் பரவி, நீண்டநேரம் பாதுகாப்பின்றி அவற்றைக் கையாண்ட ஒரு மருத்துவருக்கு லேசாக வந்தது. ஐரோப்பாவில் எலி பிடிக்கும் பூனைகள் வழியே பசு அம்மை சிலருக்கு வருவதுண்டு. எச்5என்1 பறவைக்காய்ச்சலோ பூனையைக் கொல்லும். 2004-இல் தாய்லாந்தின் ஸ்ரீ ராச்சா விலங்குக்காட்சிச் சாலையில் பச்சைக் கோழி தின்ற புலிகளிடையே அது பரவி, இறந்தவையும் கருணைக்கொலை செய்யப்பட்டவையுமாக 147 புலிகள் போயின. 2023-இல் போலந்தில் வீட்டுப் பூனைகள், 2024-இல் அமெரிக்காவில் காய்ச்சாத பால் குடித்த பண்ணைப் பூனைகள் என்று பட்டியல் நீள்கிறது.

இந்தச் சம்பவங்களைக் கூர்ந்து பார்த்தால் நம் அடுக்குமாடி வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தானே தெரியும். பச்சைக் கோழி இறைச்சி, பதப்படுத்தாத பால், பச்சை இறைச்சித் தீவனம் எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ‘இயற்கை உணவு’ என்று விளம்பரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். வெளியே திரிய விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது கோவிட்டோ காய்ச்சலோ இருந்தால் அவர் பூனையோடு படுக்க வேண்டாம். நோயுற்ற பூனைக்கு மருந்து ஊட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். இத்தனையும் பூனையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை. பட்டியலில் எங்கும் ‘கொண்டுபோய் விடு’ என்பது வரவில்லை.

வெறிநாய்க்கடி நோயைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே பூனை வழியாக மனிதரைக் கொல்லக்கூடிய வைரஸ். சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு இந்நோய் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளுக்கு இங்கே இருக்கும் கெடுபிடி இதற்காகத்தான், அதைக் குறை சொல்கிறவர்கள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஊசிக்காக நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும். நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், பிள்ளைகள் பாட்டி வீட்டுத் திண்ணையில் வரும் பூனையைத் தூக்குகிறார்கள். சரவாக்கில் 2017 முதல் இந்நோய் இருக்கிறது. அங்கெல்லாம் பூனை கடித்தாலோ இரத்தம் வரும்படி பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போட வேண்டும். “பூனைதானே” என்று விடக் கூடாது. ஆங் மோ கியோவில் பேன்லுக்கோபீனியாவுக்கு நடுங்கும் அதே குடும்பம், ஊரில் பூனைப் பிறாண்டலுக்கு மஞ்சள் தடவிவிட்டு மறந்துபோகிறது. பயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

பூனையிடமிருந்து நமக்கு வருவனவற்றில் பெரும்பாலானவை வைரஸே அல்ல. படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். கடியாலும் பிறாண்டலாலும் வருவது பாக்டீரியா. சொல்லப்போனால் பூனைக்கடி சின்னத் துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும். கை வீங்கினால் பலதுறை மருந்தகத்துக்கு அன்றே போவது நல்லது. உண்ணி, தெள்ளுப்பூச்சியை ஒழித்தால் பிறாண்டல் காய்ச்சலின் ஆபத்து வெகுவாகக் குறையும். கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர் வீட்டில் இருந்தால் அவருடைய மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். “பூனை முடி வயிற்றில் போனால் நோய்” என்று நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறோம். ஒவ்வாமையைத் தருவது முடி அல்ல, பூனையின் எச்சிலிலும் தோல்சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். பிள்ளைக்கு இழுப்பு இருந்து, அது பூனையால்தான் என்று பரிசோதனையில் உறுதியானால், பூனைக்கு வேறு நல்ல வீடு தேடுவது நியாயம். அந்த ஒரு காரணத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். அதற்கும் தொற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை.

இப்போது கர்ப்பிணியின் விஷயம். பூனைகள் வீட்டைவிட்டு அனுப்பப்படுவதற்கு நம்மிடையே இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மருமகள் கருவுற்ற செய்தியும் பூனை வெளியேறும் செய்தியும் ஒரே வாரத்தில் வருகின்றன. அஞ்சப்படும் நோய் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கருவைப் பாதிக்கக்கூடியது, விளையாட்டல்ல. ஆனால் அது வரும் வழியைப் பாருங்கள். பூனை முதல்முறை தொற்றும்போது ஓரிரு வாரம் மட்டும் மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும், வாழ்நாளில் மறுபடி வெளியேற்றுவது அரிது. வெளிவந்த முட்டை தொற்றும் ஆற்றல் பெற ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். மணற்பெட்டியைத் தினமும் சுத்தம் செய்தால் அந்த அவகாசமே கிடைக்காது, அதையும் கணவர் செய்யட்டும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து டின் உணவும் உலர் தீவனமும் தின்னும் பூனைக்கு இந்த ஒட்டுண்ணி வர வாய்ப்பே குறைவு. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு, கர்ப்பிணிகளுக்கு வந்த தொற்றில் நூற்றுக்கு 30 முதல் 63 வரை சரியாக வேகாத இறைச்சியால் என்றும், 6 முதல் 17 வரை மண்ணால் என்றும் கணக்கிட்டது. பூனையோடு இருப்பது ஒரு காரணியாகத் தெரியவில்லை. அப்படியானால் மருமகளைக் காக்க நினைக்கும் மாமியார் முதலில் பார்க்க வேண்டிய இடம் அடுப்படி. இறைச்சி உள்ளேவரை வெந்ததா, கீரை நன்றாக அலசப்பட்டதா, பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கப்பட்டதா என்று பார்ப்பது வயிற்றுப் பிள்ளையைக் காக்கும். பூனையைத் துரத்திவிட்டு வெளியே போய் அரைவேக்காட்டு இறைச்சி சாப்பிடுவது காக்காது.

வீட்டுக்கு வரும் வைரஸ்களைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டில் சிங்கப்பூரில் டெங்கிக் காய்ச்சல் 35,000 பேருக்கு மேல் வந்தது. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரில் பிறந்த கொசு கொண்டுவந்தது. அந்தத் தட்டைக் கவிழ்க்க மறக்கும் வீட்டில் பூனையின் தும்மலுக்குக் குடும்பக்கூட்டம் நடக்கிறது.

இதுவரை சொன்னது மனிதருக்குப் பூனையால் வரும் ஆபத்து. மறுதிசையில் நாம் பூனைக்கு இழைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெளியே காலே வைக்காத, எட்டாவது மாடி வீட்டுப் பூனைக்குப் பேன்லுக்கோபீனியா எப்படி வந்தது? நம் செருப்பில் வந்தது. பேன்லுக்கோபீனியா வைரஸ் வெளிச்சூழலில் ஓர் ஆண்டுவரை உயிர்ப்போடு இருக்கும். நோயுற்ற பூனை கழித்த இடத்தை மிதித்தவர், அதற்குச் சோறு வைத்த கிண்ணத்தைத் தொட்டவர், அந்தக் கையோடும் காலோடும் வீடு திரும்புகிறார். ஆகவே யாரோ கூடையில் கொண்டுவந்து புளோக்கின் கீழே விட்ட நோயாளிப் பூனை, அதே புளோக்கில் தடுப்பூசி போடாமல் வளரும் எல்லாக் குட்டிகளுக்கும் எமனாக முடியும். வீட்டைக் காக்கிறேன் என்று ஒருவர் செய்தது பத்து வீட்டில் அழுகையாக விளைகிறது. இரக்கத்துக்கு அப்பால் சட்டமும் இருக்கிறது. வளர்த்த விலங்கைக் கைவிடுவது இங்கே குற்றம், முதல்முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

“அப்படியானால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முப்பது ஆண்டுக்கு மேல் பூனையைத் தடை செய்திருந்ததே, ஆபத்து இல்லாமலா?” என்று கேட்கிறார்கள். 1989 முதல் இருந்த அந்தத் தடைக்குக் கழகம் சொன்ன காரணங்களைத் திரும்பப் பாருங்கள்: பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கடினம், பொது இடத்தில் முடி உதிர்க்கும், மலசலம் கழிக்கும், கத்தி அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும். அவை அண்டை அயல் சச்சரவு சார்ந்த காரணங்கள், நோய் அந்தப் பட்டியலில் இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தடையும் நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனை வரை உரிமத்தோடு வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்த வேண்டும், உரிமையாளர் இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும், சன்னலுக்கு வலை போன்ற காப்பு செய்ய வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. கிருமிக்குப் பயந்து பூனையைக் கைவிட அந்தப் பக்கத்திலிருந்து ஆதரவு தேட முடியாது. இனி மைக்ரோசிப் யார் வீட்டுப் பூனை என்பதையும் சொல்லிவிடும்.

பேன்லுக்கோபீனியா வந்த வீட்டில் செய்ய வேண்டியவை பல. அதில் கவனம் செலுத்தினால் பூனையை அனுப்பும் யோசனைக்கு நேரமே இருக்காது. நோயுற்றதைத் தனி அறையில், முடியாவிட்டால் கழிவறையில் வையுங்கள். மற்றப் பூனையைக் கவனித்துவிட்டுக் கடைசியாக இதனிடம் போங்கள். தரையை முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோராக்ஸுக்கு 32 பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அழுக்கின் மேல் குளோராக்ஸ் வேலை செய்யாது, அதனால்தான் சோப்பு முதலில். சன்னலைத் திறந்து வையுங்கள், குளோராக்ஸை வேறெந்தக் கிருமிநாசினியோடும் கலக்காதீர்கள். கோவிட் காலத்தில் பழகிய ஆல்கஹால் திரவம் பேன்லுக்கோபீனியாவிடமும் காலிசியிடமும் சரியாகப் பலிக்காது. டெட்டால் பூனைக்கே நஞ்சு. காலை நக்கும் பிராணி அது, தரையில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். பூனை இறந்தாலோ குணமானாலோ, அந்த வீட்டுக்குள் தடுப்பூசி முடியாத குட்டியைப் பல மாதங்களுக்குக் கொண்டுவராதீர்கள்.

சில குட்டிகள் நடக்கும்போது தள்ளாடும், தலை ஆடும், கிண்ணத்தை நோக்கிக் குறிவைத்துத் தவறும். கருவில் இருந்தபோது தாய்க்குப் பேன்லுக்கோபீனியா வந்ததால் சிறுமூளை வளராமல் பிறந்தவை அவை. அந்தத் தள்ளாட்டம் நோயின் வடு, யாருக்கும் தொற்றாது, மோசமாகவும் ஆகாது. வலிப்பு நோய் என்று நினைத்து அவற்றைத் தள்ளிவைக்கிறார்கள். தாழ்வான மணற்பெட்டியும் வழுக்காத பாயும் கொடுத்தால் பல ஆண்டுகள் வாழும்.

தடுப்பூசி இருக்கும்போது இத்தனையும் எதற்கு என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் கடக்கும்வரை போட வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் ஊக்க ஊசி, அதன்பின் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை. பேன்லுக்கோபீனியாவுக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு மிக உறுதியானது. “வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி?” என்ற கேள்விக்கு மேலே சொன்ன செருப்பே பதில்.

பேசப்படாமல் இருக்கும் உண்மை ஒன்று பணம். பேன்லுக்கோபீனியா வந்த குட்டியைக் கால்நடை மருத்துவமனையில் நாலைந்து நாள் நரம்பு வழி நீரேற்றி வைத்திருந்தால் வரும் பில், பல குடும்பங்களின் மாதச் செலவை விழுங்கிவிடும். ‘பிள்ளைக்குத் தொற்றிவிடும்’ என்ற பேச்சுக்குப் பின்னால் ‘எங்களால் கட்ட முடியாது’ என்ற வாக்கியம் எத்தனையோ முறை இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. வெளிப்படையாகச் சொன்னால் கால்நடை மருத்துவர் தவணை பேசலாம், வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சையைக் கற்றுத் தரலாம், பூனைகள் நலச் சங்கத்தின் தொண்டர்களிடம் கேட்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் செய்ய, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்குநலப் பிரிவு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. தொற்று என்ற பொய்க்காரணம் சொல்லும்போது இந்தக் கதவுகளை எல்லாம் நாமே சாத்திக்கொள்கிறோம்.

ஆகவே ஆங் மோ கியோவில் பூனைகளுக்கு உணவளிப்பவர்களிடமும் நகர மன்றத்திடமும் நான் கேட்பது திட்டவட்டமானது. சமூகப் பூனையைக் கருத்தடைக்காகப் பிடித்து, மயக்கம் கொடுத்து, இடது காதின் நுனியைக் கத்தரிக்கும் அந்த நேரத்திலேயே பேன்லுக்கோபீனியாவுக்கான ஊசியையும் தவறாமல் போட்டு அனுப்ப வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் கைக்குச் சிக்கும் பூனைக்கு அந்த ஒற்றை ஊசியே பெரிய காப்பு. ஒரு புளோக்கில் பூனை நோயுற்றது தெரிந்தால், உணவுக் கிண்ணங்களை அகற்றிக் குளோராக்ஸ் நீரில் கழுவ வேண்டும், அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளிலும் மூன்று வரி எழுதி ஒட்ட வேண்டும்: இந்நோய் மனிதருக்குத் தொற்றாது, உங்கள் பூனையின் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், வெளியிலிருந்து வந்தால் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றுங்கள். அந்த மூன்று வரிகள் தமிழில் இருந்தால், மின்தூக்கியில் அறிவுரை சொல்பவரும் அவற்றைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்.